காலடியில் நின்ற மீன்கள்

ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மற்றவர்கள் பேனா குத்தியிருக்கும் சட்டைப் பையில் அவர் தெர்மாமீட்டரைக் குத்தியிருப்பார். அதனால் பெயரே தெர்மாமீட்டர் என்றாகிவிட்டது. அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆளும் இல்லை. "இன்னிக்கு ஜுரம் எவ்வளவுப்பா?" என்று யாராவது வம்புக்கு இழுத்தால், அன்றைக்கு ஆறு எவ்வளவு சூடு என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

ஆற்றங்கரையில் தூண்டில் சாமான் கடை வைத்திருந்தார். தூண்டில்கோல், நைலான் நரம்பு, இடுப்புவரை வரும் ரப்பர் கால்சட்டை, அதோடு அவர் தன் கையால் கட்டிய பொய்ப் பூச்சிகள். கொக்கியில் இறகையும் மஞ்சள் நூலையும் சுற்றி நிஜப் பூச்சி போலவே செய்துவிடுவார். அது தண்ணீர்மேல் இறங்கினால் ட்ரவுட் மீன் ஏமாந்துபோய் எழும்பிக் கவ்வும். இங்கே வருகிறவர்கள் மீனைத் தின்பதற்கு வருவதில்லை. பிடித்து, தூக்கிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். பிறகு எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்கக்கூடாது. அதைக் கேட்டால் கடையில் வியாபாரம் நடக்காது.

ஆனால் விட்ட மீன் பிழைக்க வேண்டுமென்றால் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். கோடையில் ஆறு மெலிந்து, கல்லெல்லாம் காய்ந்து, தண்ணீர் சூடேறிவிட்டால் ட்ரவுட்டுக்கு மூச்சு முட்டும். அந்த நேரத்தில் கொக்கியோடு போராடிய மீன், விட்டதும் வாலை அடித்துக்கொண்டு ஓடத்தான் செய்யும். ஓடிப்போய், யார் கண்ணிலும் படாமல் செத்துப்போகும். அதனால்தான் தெர்மாமீட்டர் தினமும் உச்சி வெயிலில் ஆற்றில் இறங்கி அளந்துவிட்டு வந்து, கடை வாசல் கரும்பலகையில் எழுதுவார்: நீர்மட்டம், சூடு, தெளிவு, என்ன பூச்சி பறக்கிறது. சூடு இருபது டிகிரியைத் தாண்டினால் ஒரே வரிதான். 'தூண்டில் வேண்டாம்.' அதற்கு மறுபேச்சு கிடையாது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் கோலை மடக்கிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தெர்மாமீட்டர் தன் வாழ்நாளில் சம்பாதித்தது என்று ஒன்று உண்டென்றால் அது இந்த நம்பிக்கைதான்.

அந்த ஒரு வரியால் அதிகம் அடிபட்டது அவருடைய அக்கா. கடைக்கு எதிரே அவள் விடுதி நடத்தினாள். தூண்டில்காரர்கள் வந்தால் அறை நிறையும். இல்லையென்றால் அவளும் ஈயும்தான்.

"உன் பலகையாலதான்டா என் அறையெல்லாம் காலியா கெடக்குது," என்பாள்.

"நான் என்னக்கா பண்றது? ஆறு சொல்றத எழுதுறேன்."

வழக்கமாக அவர் அளக்கும் இடம் பாலத்தடி. செங்குத்தான கரை. ஒரு கோடையின் தொடக்கத்தில் அங்கே இறங்கும்போது சறுக்கி விழுந்து, ஏற்கெனவே வீங்கியிருந்த முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். அக்கா பதறிப்போய், உள்ளே கம்பளி வைத்துத் தைத்த தடிமனான ரப்பர் கால்சட்டை ஒன்றை வாங்கி வந்தாள்.

"இத மாட்டிக்கோ, குளிர் ஏறாது. இனிமே பாலத்துப் பக்கம் போனா கால ஒடிச்சிருவேன்."

"அதான் ஒடிஞ்சு கெடக்கே."

"கடைக்குப் பின்னாடி படி இருக்கு, கைப்பிடி இருக்கு. அங்க அளந்தா ஆகாதா? எல்லாம் ஒரே ஆறுதானே?"

ஒரே ஆறுதான். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வலிக்கிற காலுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும்.

படியில் இறங்கி அளந்தார். பதினேழு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. தெர்மாமீட்டரை உதறிவிட்டு மறுபடி பார்த்தார். கடையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து வந்தும் பார்த்தார். அதே பதினேழு. குனிந்தால் தண்ணீருக்குள் ட்ரவுட்டுகள், பெரிதும் சிறிதுமாக, டிக்கெட் வரிசையில் நிற்பதுபோல அவர் காலைச் சுற்றி நின்றன. விரட்டினாலும் நகரவில்லை. அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இப்படிக் காலடியில் வந்து நிற்கிற மீனை அவர் பார்த்ததே இல்லை.

அந்த வருடம் பலகையில் 'வேண்டாம்' விழவே இல்லை. அக்காவின் விடுதியில் இடம் இல்லையென்று ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் முகத்தில் பத்து வயது குறைந்தது. வருடா வருடம் வரும் பல் டாக்டர், எங்கே போட்டால் மாட்டும் என்று கேட்டார்.

"நம்ம படிக்குக் கீழயே போடுங்க டாக்டர். வேணாம்னாலும் வந்து கடிக்கும்."

கடித்தது. டாக்டருக்குக் கடித்தது, டாக்டரின் நண்பர்களுக்குக் கடித்தது, தூண்டிலை நேராகப் பிடிக்கத் தெரியாதவர்களுக்கும் கடித்தது. இப்படி ஒரு கோடை வந்ததே இல்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கோடை முடியப்போகிற நேரத்தில், ஆற்றின் கீழ்ப்பக்கத்து நீரேற்று நிலையத்திலிருந்து மோட்டார்காரர் போன் செய்தார்.

"உங்க மீனெல்லாம் எங்க கம்பி வலையில வந்து அடைச்சுக்கிட்டு நிக்குது. வந்து பாக்குறீங்களா?"

போய்ப் பார்த்தார். வெள்ளை வயிறு மேலே தெரிய, வலை முழுக்க ட்ரவுட். மோட்டார்காரர் நீளக் கொம்பால் இழுத்து இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். தெர்மாமீட்டர் ஒன்றைக் கையில் எடுத்தார். உதட்டில் கொக்கி ஏறிய தழும்பு. அடுத்ததிலும் தழும்பு. மூன்றாவதின் வாயில் நரம்பு அறுந்து பூச்சியே தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் நூல். அவர் கட்டியது.

கடைக்குத் திரும்பியதும் நேரே பின்படிக்குப் போனார். கம்பளிக் கால்சட்டையை மாட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார். பாதம் சில்லிட்டது. கடைசிப் படிக்குக் கீழே, கூழாங்கல்லுக்கு அடியிலிருந்து ஊற்றுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இன்னும் சற்றுத் தள்ளிக் காலை வைத்தார். குளிப்பதற்கு விளாவிய வெந்நீர்போல இருந்தது ஆறு.

அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் அளந்தது ஆற்றை அல்ல, ஊற்றை. ஆறு முழுவதும் கொதித்தபோது மீன்கள் எல்லாம் உயிர் பிழைக்க ஓடிவந்து ஒதுங்கியது இந்த ஒரு மூலையில். வெயிலில் மீன் ஒரே இடத்தில் கூடினால் மற்ற இடமெல்லாம் ஆகாது என்று கடைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். தன் காலடியில் கூடியபோது மட்டும் அது தோன்றவில்லை. போதாததற்கு, ஒதுங்கிய இடத்தையும் ஆளைக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பலகையில் 'தூண்டில் வேண்டாம்' என்று எழுதினார். அக்கா ஓடிவந்தாள்.

"என்னடா இது? யாராவது உன்ன ஒண்ணு சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலக்கா."

"அப்புறம்?"

"யாருமே சொல்லலையே. அதான்."

அவர் அழுவதை அன்றுதான் அக்கா பார்த்தாள். அவளுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு காரணம் கேட்டாள், கேட்ட பிறகு கைப்பிடி இருக்கிற அந்தப் படியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மழை வந்தது. ஆறு நிறைந்தது. தெர்மாமீட்டர் இப்போது பாலத்தடியில்தான் அளக்கிறார். உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து இறங்குகிறார். போகும்போதும் வரும்போதும் பின்படியில் நின்று தண்ணீரைப் பார்ப்பார். காலடியில் கல்தான் தெரியும்.

ஒருநாள் பல் டாக்டர் போன் செய்தார்.

"தண்ணி எப்படி இருக்கு?"

"நல்ல மட்டம் டாக்டர். பன்னெண்டு டிகிரி. கண்ணாடி மாதிரி தெளிவு. பூச்சியும் பறக்குது."

"அடேயப்பா, அப்ப நாளைக்கே கிளம்பிர வேண்டியதுதான். மீன்?"

இத்தனை வருடத்தில் பலகையில் மீனுக்கென்று அவர் இடம் விட்டதில்லை. மற்றதெல்லாம் சரியாக இருந்தால் மீன் இருக்கும். ரிசீவரைக் காதில் வைத்தபடியே அவர் பின்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி மட்டும் இருக்கு டாக்டர்," என்றார் தெர்மாமீட்டர்.