ஷட்டரை மூடாத ஸ்டெல்லா அண்ணி

யானைக்கவுனியில் பாட்டில் மூடி வாங்கிக்கொண்டிருந்தேன். இடுப்பில் மகள். "சைஸ் பார்த்து வாங்குமே. லூசா இருந்தா கேஸு பூடும். அப்பால அது இஞ்சி பீர் இல்ல, இஞ்சிக் கஷாயம்" என்று காலையில்தான் அண்ணி சொல்லி அனுப்பியிருந்தார்கள். போனில் என் கணவர். "அக்கா போய்டுச்சு" என்றார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லையாம். கடைக்காரர் மூடிகளை நிறுத்துக்கொண்டிருந்தார். காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். அந்த மூட்டையோடுதான் சாவு வீட்டுக்குள் நுழைந்தேன்.

அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டெல்லா அண்ணி என் கணவரின் அக்கா. ராயபுரத்தில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் என்றால் கேக்குக்கு முன்னால் அண்ணியின் இஞ்சி பீர்தான். இஞ்சியை நசுக்கி, சர்க்கரையும் எலுமிச்சையும் ஈஸ்டும் சேர்த்து ஊறுகாய் ஜாடியில் புளிக்க வைப்பார்கள். பிறகு பாட்டிலில் அடைத்து, கட்டிலுக்கு அடியில் ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். பெயர்தான் பீர். போதை ஏறாது, மூக்கில்தான் ஏறும்.

துறைமுகத்தில் வேலை பார்த்த அவர்கள் கணவர் குடித்தே இறந்தார். அதனால்தான், இதைத் தொழிலாக்கி திருவொற்றியூரில் ஒரு தகரக் கொட்டகை பிடித்தபோது தெரு சும்மா இருக்கவில்லை. "புருசன் குடிச்சு செத்தான், இவ சரக்கு காய்ச்ச கெளம்பிட்டா" என்று குழாயடியில் காதுபடவே பேசினார்கள். அண்ணி குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

"ஆமாமே, காய்ச்சத்தான் போறேன். அவரு குடிச்சப்ப ஊத்திக் குடுத்தவன எவளாவது கேட்டீங்களா? இஞ்சியக் கேக்க வந்துட்டீங்க."

உரிமம் வாங்கினார்கள். பரிசோதனைக்கு அனுப்பினார்கள். லேபிளில் பெயரை மட்டும் 'இஞ்சி பானம்' என்று மாற்றச் சொன்ன அச்சகக்காரரிடம், "பேரு அதான். அப்டியே அச்சடி" என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் பெரிய ஈடு, ஒரே தடவையில் கொட்டகை நிறைய பாட்டில், வெயில் காலத்தில் போட்டார்கள். அங்கேதான் தப்பு. வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைத்த நாள் கணக்கையே கொட்டகைக்கும் வைத்தார்கள். தகரக் கூரையின் சூட்டில் பாட்டில்கள் ஒன்றன் பின் ஒன்றாக வெடித்தன. ஆலைகள் நிறைந்த எங்கள் வடசென்னைப் பக்கம் சத்தம் கேட்டால் யாரும் என்ன ஏது என்று பார்க்க மாட்டார்கள். ஏதோ ஆலையில் கேஸ் கசிகிறது என்று, துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அன்றும் கொட்டகை இருந்த தெரு மொத்தமும் ஓடியது. கூடமாட உதவப் போயிருந்த நானும் கைக்குழந்தையோடு ஓடினேன். தலையெல்லாம் நுரையோடு அண்ணி வெளியே வந்து கத்தினார்கள்: "கேஸுதான்! இஞ்சி கேஸு! வந்து மோந்து பாருங்க!"

மறுநாள் அந்தத் தெருவின் நாலு பெரிய மனிதர்கள் வந்து, "இது பேஜாரும்மா, மூடிடு" என்றார்கள்.

"அந்தாண்ட ஆலைக்காரன் கொழா ஒழுகுனா வாயில துணியக் கட்டிகினு கம்முனு கீறீங்க. என் பாட்டிலு வெடிச்சா மட்டும் மூடணுமா? மொதல்ல அங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. நானும் மூடறேன்."

யாரும் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பாட்டில் மட்டும் பிளாஸ்டிக். அழுத்தினால் அமுங்கும்வரை பயமில்லை. உள்ளே கேஸ் ஏறிக் கல்லாகிவிட்டால் காசிமேட்டு மீன் பெட்டியில் ஐஸ் நிரப்பி, எல்லாவற்றையும் உடனே அதற்குள் இறக்கிவிட வேண்டும். குளிரில் புளிப்பது அடங்கும். தாமதித்தால் வெடிக்கும். அழுத்திப் பார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. பி.காம். படித்திருந்தாலும் பயம் என் கூடப் பிறந்தது.

"பச்சப்புள்ள நெத்திய நாள் பூரா தொட்டுத் தொட்டுப் பாக்குற கையிதானே? இதையும் பாரு. பயப்படாதன்னு சொல்ல மாட்டேன். பயந்துகினே செய். ஆனா செய்."

கல்லறையில் அடக்கம் முடிந்த மறுநாள் குடும்பம் உட்கார்ந்து பேசியது. கணவரின் சித்தப்பாதான் பேச்சை எடுத்தார். "கொட்டாய வித்துடலாம். முப்பதாம் நாள் பூசை முடியிற வரைக்கும் யாரும் ஷட்டரைத் தொறக்கக் கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். என் கணவர் மட்டும் தலையாட்டவில்லை. அண்ணி கடைசியாக அடைத்த ஈடு கொட்டகையில் இருந்தது. சற்று முன்புதான் போய் அழுத்திப் பார்த்துவிட்டு, ஐஸ் கேட்க ஓடி வந்திருந்தேன்.

"பாட்டில் கல்லு மாதிரி கீது மாமா. முப்பதாம் நாள் வரைக்கும் அது நிக்காது."

"சாவு வூட்டுப் பொம்பள, ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும். அண்ணியப் பேசாததா?"

பயந்துகொண்டேதான் சொன்னேன். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தெருமுனையில் என் கணவர் பின்னால் ஓடி வந்தார். "ஐஸுக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

ஒரு பாட்டில்கூட வெடிக்கவில்லை. கொட்டகையை விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை. பேசினாலும் பதில் தயாராக இருக்கிறது. யானைக்கவுனி மூடிகளைப் போட்டு இன்று அடுத்த ஈட்டையும் அடைத்துவிட்டோம். இதை எழுதும்போது மகள் பக்கத்தில் தூங்குகிறாள். அவள் நெற்றியை இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டேன். காலையில் கொட்டகைக்குப் போய் இன்னொன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

போய் வாங்க அண்ணி. பயந்துகினேதான் கீறேன். ஷட்டரு தொறந்துதான் கீது.