இருபத்து நாலு கேபி மழை

“அஞ்சு நிமிஷப் பாட்டு, சைஸ் வெறும் இருபத்து நாலு கேபியா? பேச்சி, உங்க அண்ணா காலி டப்பாவைக் குடுத்துட்டாரா என்ன?”

கேட்டது கீதா. இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் தெரியும். பக்கத்து சீட் மாட்டுங்கா கீதாவும் தெரியும். என் அண்ணனைத் தெரியாது. ஏன் தெரியாது என்பதையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

ஆபீஸ்களுக்கு இடையே கலைப் போட்டி. எங்கள் கிளையில் எட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு நடனம். தலைவி கீதா. இந்த வருஷம் விதி ஒன்று போட்டுவிட்டார்கள். சினிமாப் பாட்டு கூடாது, இசை சொந்தமாக இருக்க வேண்டும். போன வருஷ வீடியோக்களை நெட்டில் ஏற்றியபோது காப்பிரைட் பிரச்னையில் பாட்டுச் சத்தம் மட்டும் அமுக்கப்பட்டு, எல்லோரும் ஊமைப் படத்தில் குதித்துக்கொண்டிருந்தார்களாம்.

சொந்த இசைக்கு எங்கே போவது?

“எங்க அண்ணன் போட்டுக் குடுப்பார்” என்றேன்.

“அண்ணா ம்யூசிக் டைரக்டரா? சொல்லவே இல்லையே. ஸ்டூடியோ வெச்சிருக்காரா?”

“ம்ம்... அந்த லைன்தான்.”

அந்த லைன் இல்லை. அண்ணன் சுடலைமுத்து தாராவியில் லெதர் பேக் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். முப்பது வருஷமாகத் தோல் வெட்டுகிறார். கலைந்துபோன ஒரு ஆர்க்கெஸ்ட்ராவிடமிருந்து பழைய கீபோர்டு ஒன்றை வாங்கி, பட்டறைக்கு மேலே ஏணி ஏறிப் போகும் அறையில் வைத்திருக்கிறார். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. சந்துக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவர்தான் வாசிப்பார்.

பத்தே நாளில் மும்பை மழையை வைத்து ஒரு இசை அமைத்து, கீபோர்டிலிருந்தே பென் டிரைவில் சேமித்துக் கொடுத்துவிட்டார். அதுதான் அந்த இருபத்து நாலு கேபி.

கீதாவின் போனில் திறக்கவே இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டோம். திறந்தது... திறக்காமலே இருந்திருக்கலாம். டிங் டிங் என்று ஆரம்பித்தது. நாதஸ்வரம் வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு பீப்பி. தவிலுக்குப் பதில் யாரோ பிளாஸ்டிக் வாளியைத் தட்டுகிறார்கள்.

“ஐஸ்க்ரீம் வண்டி வந்த மாதிரின்னா இருக்கு” என்றாள் கீதா. எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தப் பத்தியில் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் செம்பூரிலிருந்து பஸ் பிடித்து தாராவிக்குப் போனேன். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. பட்டறையில் அண்ணன் தரையில் உட்கார்ந்து தோல் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அது சரியா கேக்கலை.”

“எதுலட்டி போட்டுக் கேட்டிய?”

“ஆபீஸ் கம்ப்யூட்டர்ல.”

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரில் ஆணியில் தொங்கிய அட்டை ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார். கைப்பை வெட்டுவதற்கான அளவு அட்டை.

“இதுல தோல் இருக்கா?”

“இல்ல.”

“எங்கன வெட்டணும், எங்கன மடிக்கணும்னு கோடுதான் இருக்கு. நான் ஆட்டுத் தோல்ல வெச்சு வெட்டினா அது ஒரு பை. வேறொருத்தன் ரெக்சின்ல வெச்சு வெட்டினா அது வேற பை. நான் குடுத்ததும் அட்டைதான்ட்டி. எந்த சுரம், எந்த வாத்தியம், எம்புட்டு நேரம்னு குறிப்பு மட்டும் இருக்கும். சத்தம் இருக்காது. வாசிக்கிற மெஷின் தன்கிட்ட இருக்கிற சத்தத்தைப் போட்டு வாசிக்கும். உங்க ஆபீஸ்ல ரெக்சின்தான் இருந்திருக்கு.”

இந்த மாதிரி ஃபைலுக்கு மிடி என்று பெயராம். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன். இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை.

மேலே கூட்டிப்போய் அதே ஃபைலைத் தன் கீபோர்டில் வாசிக்க விட்டார். தகரக் கூரையில் முதல் தூறல் விழுகிற மாதிரி ஒற்றை ஒற்றையாகத் தந்திச் சத்தம். பிறகு தவில். பிறகு நாதஸ்வரம் எழுந்து வந்தது. ஓடும் ரயில், தண்ணீரைக் கிழித்துப் போகும் பஸ், குடையில்லாமல் ஓடும் கால்கள்... வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் எல்லாம் அதில் இருந்தன. தோல் துண்டுகளுக்கு நடுவே கால் நீட்டி உட்கார்ந்து கேட்டேன். முடிந்ததும் டீ இருக்கா என்று கேட்டேன்.

இதை எம்பி3 ஆக மாற்ற வேண்டும். ஞாயிறு காலை நெட்டில் தேடினேன். ஃபைலைப் போட்டால் மாற்றித் தரும் இணையதளங்கள் இருக்கின்றன. மூன்றில் போட்டுப் பார்த்தேன். மூன்று விதமான ரெக்சின் வந்தது.

போன் செய்தேன். “அப்ப தோலு இருக்கிற எடத்துக்கே வந்து எடுத்துக்கிட்டுப் போ” என்றார்.

மத்தியானம் லேப்டாப்போடு போனேன். கீபோர்டில் ஹெட்போன் மாட்டும் துளையிலிருந்து ஒரு ஒயர், என் லேப்டாப்பின் மைக் துளைக்கு. இலவச ரெக்கார்டிங் சாப்ட்வேர் ஒன்று. பட்டனை அழுத்தினேன். இசைக்கு அடியில் ‘கொர்ர்ர்’ என்று ஒரு இரைச்சல், யாரோ கூடவே குறட்டை விடுகிற மாதிரி.

ஒயரை மாற்றினோம். குறட்டை நிற்கவில்லை. சத்தத்தைக் குறைத்தோம். இசைதான் குறைந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் கரண்ட் ப்ளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே இறங்கிப் போய், ஆறு பெரிய பேட்டரி செல்லோடு வந்தார்.

“கீபோர்டை செல்லுல ஓட்டுவோம். நீயும் உன் சார்ஜரைப் பிடுங்கு. ரெண்டு பக்கமும் கரண்டு பந்த்.”

குறட்டை நின்றது. ஐந்து நிமிஷம் இருவரும் மூச்சுவிடக்கூட யோசித்தோம். கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒயர் வழியே எடுத்ததால் அதில் ஒரு பொட்டுச் சத்தம்கூட உள்ளே வரவில்லை. அண்ணன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். “நம்ம பட்டறைல எடுத்ததுன்னு சத்தியம் பண்ணினாலும் எவனும் நம்ப மாட்டான்” என்றார்.

பதிவு ஐம்பது எம்பி இருந்தது. எம்பி3 ஆக மாற்றும்போது ரொம்பச் சுருக்காதே, ஜால்ராச் சத்தம் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஆகிவிடும் என்றார். தரத்தைக் கூட்டி வைத்தேன். பன்னிரண்டு எம்பியில் நின்றது. கடைசியாகத் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. பாட்டின் பெயர்? “தொண்ணூறு அடி ரோட்டு மழைன்னு போடு” என்றார். தாராவியின் பெரிய ரோடு அது. கலைஞர் பெயர்?

அதற்குள் அண்ணன் டீ எடுக்கக் கீழே இறங்கியிருந்தார். ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவரை ஆபீஸில் ஏற்கனவே உலவ விட்டிருந்தேன். அவர் பெயரைப் போடுவதா, இவர் பெயரைப் போடுவதா? காலியாக விட்டுவிட்டு சேவ் செய்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் போட்டேன். இரண்டாவது நிமிஷம் பேச்சு நின்றுவிட்டது. முடிந்ததும் கீதா, “இது அதே ஐஸ்க்ரீம் வண்டியா? என்னால நம்பவே முடியலை” என்றாள். பிறகு போன் திரையைப் பார்த்தாள். “அன்னோன் ஆர்ட்டிஸ்ட்னு காட்டறதே. அண்ணா பேரைப் போடலையா நீ?”

“கீதா, எங்க அண்ணன் ஸ்டூடியோ எதுவும் வெச்சிருக்கலை. தாராவியில லெதர் பேக் கட்டிங் மாஸ்டர். நானும் அங்க பொறந்தவதான்.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“சரி. அதுக்கு ஏன் பேரைப் போடலை?” என்றாள் கீதா.

என்னிடம் பதில் இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளும்படியான பதில் இல்லை. பெயர் தெரியாததால் கம்ப்யூட்டர் ‘அன்னோன்’ என்கிறது. நாம் தெரிந்துகொண்டே காலியாக விடுகிறோம். அங்கேயே உட்கார்ந்து, கீதா பார்த்துக்கொண்டிருக்க, தமிழில் தட்டினேன்: சுடலைமுத்து, தாராவி. போட்டிக்கான படிவத்திலும் அதையே எழுதினேன்.

சயானில் உள்ள பெரிய அரங்கத்தில் போட்டி. அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அறிவிப்பாளர் மராத்திக்காரப் பெண். “சங்கீத்: சுட்லே மட்டு, தாராவி” என்று அரங்கம் அதிர வாசித்தாள். நாங்கள் ஆடினோம். ஆடும்போது ஒருமுறை பார்த்தேன். அண்ணன் எங்களைப் பார்க்கவில்லை. மேடை ஓரத்தில் ஆள் உயரத்துக்கு நின்ற ஸ்பீக்கர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் விரல்கள் வாசித்துக்கொண்டிருந்தன.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய அணியின் தலைவி மேடையிலிருந்து இறங்கி, நேரே அண்ணனிடம் போய், அந்த இசை தன் போனுக்கு வேண்டும் என்று கேட்டாள்.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: “எம் பேரைக் கொன்னுட்டாட்டி. ஆனா மைக்ல வெச்சுக் கொன்னா.”

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். மறுவாரம் எங்கள் மேனேஜர் கூப்பிட்டு, ஆபீஸ் போனில் வாடிக்கையாளர்கள் காத்திருக்கும்போது ஒலிக்க அந்த இசையை வைக்கலாமா என்று கேட்டார். அண்ணனிடம் கேட்டேன். “தாராளமா வைக்கச் சொல்லு. பேரை மட்டும் சரியாச் சொல்லணும்” என்றார். இசை தொடங்கும் முன் பெயரைச் சொல்லும் குரல் என்னுடையது. போன் சிஸ்டத்துக்கு எம்பி3 ஆகாதாம், இன்னும் மெலிந்த ஒரு ஃபார்மட் வேண்டுமாம். மறுபடி மாற்றினேன். அண்ணன் போனில் கேட்டுவிட்டு, “தோலை உரிச்சுட்டு நூலை மட்டும் விட்டிருக்காவ. ஆனா தையல் நம்மதுதான்” என்றார்.

இப்போது ரிசப்ஷன் பெண்ணுக்கு ஒரு குழப்பம். தினமும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் போன் செய்கிறாராம். பாலிசி நம்பர் சொல்வதில்லை, புகார் எதுவும் இல்லை, “ஹோல்டுல போடும்மா” என்று மட்டும் சொல்கிறாராம்.

அவளிடம் சொல்லிவிட்டேன் — அவர் எங்க அண்ணன், லைனை அவசரப்பட்டு எடுத்துவிடாதே.