கண்டி றோட்டைக் கடந்த பிள்ளையார்

சிவலட்சுமியை உங்களுக்குத் தெரியாது. பக்கத்து வளவுக்காரியான எனக்கே அவளைச் சரியாத் தெரிய அவ்வளவு காலம் பிடிச்சது. தாய் தகப்பன் கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டிலயிருந்து ஓடிவந்து, ஓமந்தையைத் தாண்டி இந்தக் காட்டை வெட்டிக் குடியேறின ஆக்கள். இவள் கச்சான் கடலைத் தோட்டங்களில கூலிக்குப் போறவள். வாயே திறக்கமாட்டாள். அப்பிடிப்பட்டவள்தான் ஊரே தொடப் பயந்த சாமியில கை வச்சவள். எல்லாம் என்ர தேத்தண்ணிக் கடைக்கு முன்னாலதான் நடந்தது. இந்த விமலேஸ்வரி சொல்லாமல் வேற ஆர் சொல்லுறது?

கடைக்கு முன்னால கண்டி றோட்டு. யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் பிடிக்கப் பறக்கிற வாகனமெல்லாம் அதாலதான் போகும். றோட்டுக்கு அங்கால புதுசாப் போட்ட சிறுவர் பூங்கா, இங்கால எங்கட வீடுகள். பின்னேரமானால் பிள்ளையள் ஊஞ்சலுக்கு ஓடுங்கள், நாங்கள் கைவேலையை விட்டிட்டு றோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பம். அதிலயும் சிவலட்சுமியின்ர அனோஜாவுக்குப் பிறவியிலயே காது கேளாது. மற்றதுகள் வாகனம் அடிக்கிற கோண் சத்தத்துக்கு நிக்குங்கள். இவளுக்கு எந்தக் கோணை அடிக்கிறது? வீட்டில பூட்டி வைக்கவும் மனம் வராது. கையால கதைச்சு விளையாடுற சிநேகிதியள் அவளுக்கு அந்த ஊஞ்சலடியிலதான்.

சனம் றோட்டைக் கடக்க மஞ்சள் கோடு அடிச்சுத் தாங்கோ எண்டு கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துப்போச்சு. இப்ப வெள்ளையில அடிக்கிறாங்களாம், எங்கட வாயில அது மஞ்சள் கோடுதான். கடைசியா சிவலட்சுமி ஒரு வேலை செய்தாள். றோட்டோர முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட நிப்பாட்டாமல் போற டிரைவர் இந்த றோட்டில இருக்கிறானோ? அதை யோசிச்சு, குளக்கட்டில கிடந்த கல்லொண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, மஞ்சள் பூசி, என்ர கடைக்குப் பக்கத்துப் பாலை மரத்தடியில வச்சு விளக்கேத்தினாள். நம்பமாட்டியள், கொஞ்ச நாளிலயே பஸ்சுகள் நிக்கத் தொடங்கிட்டுது. டிரைவர்மார் இறங்கித் தேங்காய் உடைப்பினம், உள்ள இருக்கிற சனம் இருந்தபடியே கும்பிடும். எனக்கும் வியாபாரம் நல்லா ஓடினது. சும்மா சொல்லக்கூடாது, நானும் சந்தோசமாத்தான் இருந்தனான்.

நிண்ட பஸ்சைப் பின்னால வாறவன் விலத்திக்கொண்டு வருவான் எண்டு எங்களில ஒருத்தருக்கும் மூளையில ஓடேல்லை.

ஒருநாள் பின்னேரம் டிரைவர் பிரதாபன் கொழும்பு பஸ்சைக் கொண்டுவந்து நிப்பாட்டித் தேங்காய் உடைச்சிட்டு நிக்கிறான். பஸ்சுக்கு முன்னால அனோஜா றோட்டில இறங்கிறாள். பின்னாலயிருந்து ஒரு டிப்பர், ஐயோ, என்ன வேகம்! டிப்பர்க்காரனுக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கு டிப்பர் தெரியாது. நான் கேத்திலோட நிண்டு கத்திறன். காது கேளாத பிள்ளைக்குக் கத்தி என்ன பிரயோசனம்! காலடியில சிதறிக் கிடந்த தேங்காய்ச் சொட்டை எடுக்க அவள் குனிஞ்சாள். டிப்பர் அவளின்ர சட்டை பறக்கப் போச்சுது. கோதாரியில போவான், திரும்பியும் பாக்கேல்லை.

"பிள்ளையார்தான் காப்பாத்தினவர்" எண்டு சனம் கும்பிட்டுது. எங்கட ஊர்ச் சங்கத் தலைவர் ஐயாத்துரை கோயில் கட்டுற கதையே தொடங்கிட்டார். சிவலட்சுமி மட்டும் கும்பிடேல்லை, பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள்.

"அவளை டிப்பருக்கு அவ்வளவு கிட்டக் கொண்டுபோய் விட்டதும் அவர்தானே, அக்கா" எண்டு எனக்கு மட்டும் கேக்கச் சொன்னாள். நான் அவளின்ர வாயைப் பொத்தினன்.

அந்தக் கதை பரவித்தான் றோட்டு இன்ஜினியர் வந்தா. தேனுகா எண்டு சின்னப் பிள்ளை. ரெண்டு பக்கமும் நடந்து பாத்திட்டு, "கோட்டுக்குச் சரியான இடம் இதுதான். ஆனால் பிள்ளையார் இருக்குமட்டும் அடிக்கமாட்டன்" எண்டா.

"கொஞ்சம் தள்ளி அடியுங்கோவன், பிள்ளை" எண்டார் ஐயாத்துரை.

"தள்ளினால் வளைவு, ஐயா. வாற வாகனம் தெரியாது. இங்க கோட்டை அடிச்சால், சாமிக்கு நிக்கிற பஸ் மறைக்கும். பிள்ளையளை நானே கொண்டுபோய் டிப்பருக்குக் குடுக்கேலாது."

ஐயாத்துரை துண்டை உதறித் தோளில போட்டார். "இருத்தின சாமியைக் கிளப்பினால், கிளப்பினவையின்ர குடும்பம் தழைக்காது."

சிவலட்சுமி எழும்பிப் போனாள். கோவிச்சுக்கொண்டு போறாளாக்கும் எண்டு நினைச்சன். கிணத்தில தலை முழுகி, ஈரச் சீலையோட வந்து மரத்தடியில குந்தினாள்.

"உனக்கென்ன விசரே? ஐயரிட்டக் கேட்டனியோ?" எண்டு நான் பாய்ஞ்சன்.

"வைக்கேக்க ஆரிட்டக் கேட்டனான்? வச்சதும் நான், எடுக்கிறதும் நான். குற்றமெண்டால் என்னோட வச்சுக்கொள்ளட்டும், அனோஜாவை விடச் சொல்லிப் பிள்ளையாரிட்டக் கேட்டுப்போட்டன்." கல்லைக் கிளப்பி, கைப்பிள்ளையைத் தூக்கிற மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கொண்டு றோட்டில இறங்கினாள். அனோஜா சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு பின்னால. வந்த பஸ் நிண்டது, லொறி நிண்டது, எதிரில வந்த வானும் நிண்டது. பூங்கா வேலிக்கு உள்ளுக்க, வேப்பமரத்தடியில அவரை இருத்தினாள்.

"பாத்தியளே, சாமிக்கு நிண்டாங்கள். வெறுங்கையோட போற மனிசருக்கு நிப்பாங்களோ?" எண்டார் ஐயாத்துரை. எனக்குக் கோவம் வந்தது. ஆனால் மனுசன் கேட்டது பிழையில்லை.

கோடு அடிச்ச அண்டைக்குத் தாயும் மகளும் றோட்டுக் கரையில நிண்டவை. ஒருத்தனும் நிப்பாட்டேல்லை. பிரதாபன் பஸ்சைத் தூரத்தில விட்டிட்டு, கையில தேங்காயோட நடந்து வந்தான். சாமி கும்பிட அவனும் இப்ப றோட்டைக் கடக்கவேணுமே! ஒரு வான் அவனை உரசிக்கொண்டு போச்சு.

"கண் தெரியேல்லையோடா? கோட்டில மனிசர் நிக்கினம்!" எண்டு பிரதாபன் வான்காரனைப் பாத்துக் கத்தினான்.

சிவலட்சுமி அவனைத் திரும்பிப் பாத்தாள். "நீங்கள் எங்களுக்கு ஒருநாளாவது நிப்பாட்டினனீங்களோ, அண்ணை?"

அனோஜா தானாப் போய் அவன்ர கையைப் பிடிச்சாள். அவன் மற்றக் கையைத் தேங்காயோட உயர்த்திப் பிடிச்சு, வாற வாகனங்களை மறிச்சு, ரெண்டுபேரையும் கூட்டிக்கொண்டு போனான்.

அடுத்த நாள் பின்னேரம் அனோஜா தனிய வந்து கோட்டில நிண்டாள். கையில ஒண்டுமில்லை. தாய் என்ர கடை வாசலில நிண்டு என்ர கையை நெரிச்சுக்கொண்டு இருந்தாள். பிரதாபன்ர பஸ் வந்தது. வேகத்தைக் குறைச்சு, கோட்டுக்கு முன்னால நிண்டது. அவன் யன்னலால கையை நீட்டிப் பின்னால வந்தவங்களையும் மறிச்சான். பஸ் நிண்டவுடன உள்ள இருந்த சனம் பழக்கதோசத்தில கை கூப்பிக் கும்பிட்டுது. பாலை மரத்தடியில ஒண்டுமில்லை. அவையளுக்கு முன்னால அனோஜாதான் நடந்து போய்க்கொண்டிருந்தவள்.