பாலேந்திரன் அண்ணை ஊரை வலம் வந்த கதை

எங்கள் ஊர் சுவிஸில், பீல் நகருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாவட்டத் தலைநகர். மூன்று பக்கமும் ஆறு, நடுவில் ஒரு குன்று, உச்சியில் தேவாலயமும் பழைய கோட்டையும். ஊர்க்காரர் அடிக்கும் தம்பட்டத்தைக் கேட்டால் பெரிய இராசதானி என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையில் பாண் வாங்க ஒரு கடை கிடையாது.

இங்கே கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பாலேந்திரன் அண்ணைக்கு ஒரே ஒரு குறை. மனைவி ஜெயகௌரிக்கும் மகள் கோபிஷாவுக்கும் சுவிஸ் குடியுரிமை கிடைத்துவிட்டது. அவருக்குக் கிடைக்கவில்லை. "எங்கட வீட்டில ஒரே வெளிநாட்டுக்காரர் இவர்தான்" என்று ஜெயகௌரி அக்கா விருந்தாளிகளுக்கு அறிமுகப்படுத்துவார். அண்ணை சிரிப்பார். உள்ளுக்குள் வெந்துபோவார்.

குடியுரிமைக்கான முதல் நேர்முகத்தில் அவரைக் கவிழ்த்தது மரியாதைதான். அதிகாரிகளைக் கண்டால் மறுத்துப் பேச வராது; எதற்கும் 'யா', அதாவது 'ஆம்'தான்.

"கோட்டையைவிடத் தேவாலயம் பழையதா?"

"யா."

"அல்லது கோட்டைதான் பழையதா?"

"யா."

2014இல் மறுபடி கூப்பிட்டார்கள். குடியுரிமைக் குழுத் தலைவி சிபிண்டன் அம்மா கெட்டிக்காரி. மேசைக்கு முன்னால் இருத்தினால் இந்த மனிதரிடம் ஒன்றும் பெயராது என்று கண்டு, "ஊரைச் சுற்றிக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரனான என்னை ஜெயகௌரி அக்கா அவர்கள் பின்னால் விரட்டினார். "ஏதும் பிழைச்சா உடனே போன் எடும்!"

பிழைக்காமல் இருக்குமா? தேவாலயத்தை இடமாகச் சுற்றினால் சாய்வான தார்ச்சாலையில் சுகமாக ஏறலாம். வலமாகச் சுற்றினால் செங்குத்தான கற்படி. அண்ணைக்குக் கோயில் பழக்கம். வலமாகவே போனார். முழங்கால் வலிக்காரியான சிபிண்டன் அம்மாவும் குழுவிலிருந்த இரண்டு கனவான்களும் மூச்சிரைக்க ஏறினார்கள். ஒரு சுற்று முடிந்ததும் அண்ணை மறுபடி படிப்பக்கம் திரும்பினார்.

"இதைப் பார்த்துவிட்டோமே?" என்று கேட்டார் சிபிண்டன் அம்மா.

"மூண்டு தரம் சுத்தோணும்" என்றார் அண்ணை. அதிகாரியிடம் அவர் 'யா' சொல்லாத முதல் தடவை அது. சரி, இந்த முறையும் போச்சு என்று போனைக் கையில் எடுத்தேன்.

ஆனால் நடக்க நடக்க அவருக்கு வாய் திறந்துகொண்டது. ஆறு பெருகி வெள்ளம் வந்த தெரு, மகள் சைக்கிளால் விழுந்த சந்து என்று கதைத்துக்கொண்டே இறங்கி, தீயணைப்பு நிலையத்தின் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு புல்மேடு, அதில் ஒரு இரும்புக் கதவு. நிலத்தடிப் பதுங்கிடம்.

"இது வரலாற்றுக் கட்டடம் இல்லையே" என்றார் ஒரு கனவான்.

"எனக்கு இதுதான் பழைய கட்டடம். எங்கட ஊர்ச் சண்டையில பங்கருக்குள்ள கிடந்து அலுத்து, தொண்ணூற்றிநாலில இஞ்ச ஓடி வந்தனான். அகதியா வந்தவனை நீங்களும் கொண்டுவந்து இந்தப் பங்கருக்குள்ளதான் விட்டியள். ஆனா மேல குண்டு விழேல்ல. அண்டைக்குத்தான் விடியுமட்டும் நித்திரை கொண்டனான்."

நான் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"அன்றைக்கு உங்களை வரவேற்க ஒருவரும் வரவில்லையா?" என்று கேட்டார் சிபிண்டன் அம்மா.

"ஏன், பொலிஸ் வந்ததே."

சிபிண்டன் அம்மா மற்ற இருவரையும் பார்த்தார். இருவரும் சம்மதமாகத் தலையாட்டினார்கள். பிறகு அண்ணையிடம் கையை நீட்டினார்.

"இருபது வருஷம் பிந்திவிட்டோம், மன்னியுங்கள். நம் ஊருக்கு வாருங்கள்."