என் பிரெஞ்சுக்குக் கிடைத்த முதல் வேலை

இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் போய் பிரெஞ்சு படிக்கிறேன்.

நான் வேலை செய்யும் பட்டுக்கடைக்கு இன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு பிரெஞ்சு தம்பதி வந்தார்கள். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கஸ்டமர் முன்னாடி நாம தெலுங்குல வெல பேசிக்கிறோம்ல? அவங்களும் அவங்க பாஷையில பேசிப்பாங்க. நீ கேட்டுக்கினே இரும்மா. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கணவர் மயில்கழுத்து நிறப் புடவையை உதட்டைப் பிதுக்கித் தள்ளிவைத்தார். பிறகு மனைவியிடம் பிரெஞ்சில், "இதைத்தான் எடுக்கிறோம். பிடித்த மாதிரி காட்டிக்கொள்ளாதே" என்றார்.

அதை முதலாளியிடம் தமிழில் சொன்னேன். அவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

பையை நீட்டியபோது அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கணவரிடம் பிரெஞ்சில் சொன்னார்: "பாவம், நல்ல பெண். நம் மொழி கொஞ்சம் தெரிந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள்."

ஒரு சொல் விடாமல் புரிந்தது. நானும் புரியாதவள் மாதிரி சிரித்தேன்.

அடுத்த மாதம் எனக்குப் பிரெஞ்சில் பேச்சுத் தேர்வு. பேசிப் பழக யாராவது வருகிறீர்களா? கடைக்கு மட்டும் வராதீர்கள்.