அக்கா இரண்டு முறை பேசினார்

எங்கள் அக்கா மறைந்து இந்த மாதத்துடன் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் பெரும்பாலும் அவருடைய உறவினர்கள். மற்றவர்கள் குன்னூரில் அவருடைய கடைக்கு வந்து பழகியவர்கள். அவர் வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு பகுதியை மட்டும் நாம் யாரும் பேசிக்கொள்வதில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா இலங்கையில் மஸ்கெலியாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். கைக்குழந்தையாகப் பெற்றோருடன் கப்பலேறி, மண்டபம் முகாமில் சில காலம் இருந்து, கோத்தகிரிப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்துக்கு வந்து சேர்ந்தார். நான் பிறந்தது அந்த லயத்தில்தான். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா ஃபேக்டரியில் இருந்தார். அக்காவின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. என் படிப்பு நிற்கக் கூடாது என்பதுதான் காரணம். குன்னூரில் ஒரு கம்பளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதலாளியம்மா ஸ்வெட்டர் பின்னுவதைப் பார்த்துத் தானும் பழகிக்கொண்டார். அந்தக் கடை மூடப்பட்டபோது மார்க்கெட்டில் ஒரு ஆள் நுழையும் அகலத்தில் சொந்தக் கடை போட்டார். மேட்டுப்பாளையத்துக்காரரான அத்தானை மணந்தார். ஒரே மகள்.

பின்னல் அவருக்குப் பிழைப்பு மட்டும் அல்ல. பஸ்ஸில் பின்னுவார். ஆஸ்பத்திரியில் டோக்கனுக்குக் காத்திருக்கும்போது பின்னுவார். "தாலி கட்டுற நேரமாச்சும் அந்த ஊசியக் கீழ வையி" என்று ஒரு கல்யாணத்தில் மாமா கத்தியது பலருக்கு நினைவிருக்கும். பனிக்காலம் வருவதற்கு முன்பு நாங்கள் வளர்ந்த லயத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குல்லா பின்னிக் கொடுப்பதை வழக்கமாக வைத்திருந்தார். மொத்தமாகக் கிடைத்த பச்சை நூல் நிறைய இருந்தது. எல்லாக் குல்லாவும் பச்சை.

குன்னூரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உள்ளூர்க்காரர்கள் மேடையேறிப் பேசும் கூட்டம் ஒன்று நடக்கிறது. மனம் தோய்ந்து செய்யும் வேலை, தன் கையால் உருவாக்கியது, பிறந்த மண்ணுக்குத் திருப்பிச் செய்தது ஆகியவை பற்றிப் பேச்சு இருக்கும். பாம்பு பிடிப்பவர் பேசியிருக்கிறார். பேண்டு வாத்தியக்காரர் பேசியிருக்கிறார். அக்காவையும் அழைத்தார்கள். வீட்டில் ஒத்திகை நடந்தது.

"இத்தன நேரம் பேசினீன்னா கேக்கறவங்க கடைசி பஸ்ஸ உட்டுருவாங்களாட்ட இருக்குது" என்றார் அத்தான்.

"அவங்க பஸ்ஸுல போகட்டும். நீங்க நடந்து வாங்க" என்றார் அக்கா.

அன்று உறவினர்கள் முன்வரிசைகளை நிரப்பியிருந்தோம். அக்கா தடுமாறாமல் பேசினார். பச்சைக் குல்லா போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்கும் போட்டோ திரையில் வந்தபோது கைதட்டல் எழுந்தது. பிறகு கேள்வி நேரம். பின்னால் செல்வி எழுந்து நின்றார். செல்வி எங்கள் சித்தியின் கடைசி மகள். இன்றும் அந்த லயத்தில் இருக்கிறார், தோட்டத்தில் வேலை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. குல்லா நல்லாத்தான் இருக்கு. ஆனா எம்மக அத பஸ்ஸு ஏறுனதுமே கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கிறா."

"ஏன் புள்ள, அரிக்குதா?"

"அரிக்கலக்கா. எல்லாம் ஒரே பச்சை. ஸ்கூல் வாசல்ல எறங்குறப்பவே 'தர்மக் குல்லா வந்துருச்சு'ன்னு மத்த புள்ளைக கத்துதுங்க. லயத்துப் புள்ள யாருன்னு தூரத்துலயே தெரிஞ்சு போகுது."

அரங்கில் சிலர் சிரித்துவிட்டார்கள். அக்கா கையில் மைக்கோடு நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வரிசையா நிக்கச் சொல்லி போட்டோ எடுத்தீங்க. அப்புறம் கிளம்பிட்டீங்க. எப்பச் சொல்ல?"

அந்தப் போட்டோ திரையில் அப்படியே இருந்தது. அக்கா திரும்பி அதைப் பார்த்தார். "அத நிறுத்திருங்க" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினார். முன்வரிசையில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த இரவே குடும்பத்து வாட்ஸப் குழு செல்வியைப் பிடித்துக்கொண்டது. "நாலு பேரு முன்னாடி மானத்த வாங்கிட்டா." "பச்சைக் குல்லா வேணாமாம், தங்கத்துல கிரீடம் செஞ்சு குடுங்கப்பா." எழுதியவர்கள் இதைப் படிக்கும்போது அவை தங்கள் வரிகள் என்று அறிவார்கள். அவற்றுக்குச் சிரிக்கும் பொம்மை போட்டவர்களும் அறிவார்கள். அக்கா எதற்கும் பதில் எழுதவில்லை. என்னிடம் போனில் சொன்னார்: "அவ சொன்னது நெசம் தம்பி. நானும் அதே பஸ்ஸுலதான ஸ்கூலுக்குப் போனேன். எனக்கு எப்பிடித் தெரியாமப் போச்சு? வெக்கமா இருக்கு."

அடுத்த முறை லயத்துக்குப் போனபோது அவர் குல்லா எடுத்துப் போகவில்லை. கடையில் இருக்கும், நூல் நிறங்களின் மாதிரி அட்டையை எடுத்துப் போனார். பிள்ளைகள் ஒவ்வொருவராக நிறத்தைத் தொட்டுக் காட்டினார்கள். ஒரு பையன் பச்சையே வேண்டும் என்று நின்றான். "வேற எதாச்சும் பாருடா" என்று அக்கா கெஞ்சியும் அவன் மசியவில்லை. கடையில் விலைக்கு விற்கும் குல்லாவில் என்ன பூ வேலை உண்டோ அதையே இவற்றிலும் போட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. போட்டோ எடுக்கவில்லை.

பிறகு மகளின் கல்யாணம் வந்தது. யார் யாருக்குப் பத்திரிகை வைப்பது என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். செல்விக்கு வைக்கவில்லை. மறந்துபோய் அல்ல. முகூர்த்தத்துக்கு முந்தின நாள்தான் அக்காவுக்குத் தெரியவந்தது. வீடு நிறைய ஆட்கள் இருக்க, தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு அத்தானுடன் லயத்துக்குப் போனார். செல்வி தட்டை வாங்கிக்கொண்டார், டீ போட்டுக் கொடுத்தார். "உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லக்கா. ஆனா உங்களுக்காக வந்தா மத்தவங்க மூஞ்சிய எல்லாம் பாக்கணுமே" என்றார். கல்யாணத்துக்கு வரவில்லை. மேடையில் மகளுக்குப் பக்கத்தில் நின்ற அக்கா வாசலைப் பார்த்தபடியே இருந்தார்.

கல்யாணம் முடிந்து சில மாதங்களில், அதே கூட்டத்தில் இன்னொரு முறை பேச இடம் கேட்டு வாங்கினார். அன்று உறவினர் என்று போனது அத்தானும் நானும்தான். அக்கா சுருக்கமாகப் பேசினார். "போன தடவ நான் குடுத்ததப் பத்திப் பேசினேன். வாங்கினவங்களக் கேக்காமப் பேசினேன். நான் கேக்காமலே எந்திரிச்சு உண்மையச் சொன்னது என் தங்கச்சி செல்வி. அதுக்கு எங்க குடும்பம் அவளுக்கு எம்மக கல்யாணப் பத்திரிகைய வைக்கல. எனக்காகத்தான் அப்பிடிச் செஞ்சாங்க. குல்லா விஷயத்துல பட்ட வெக்கம் போயிருச்சு. இது போகல." முதல் பேச்சின் வீடியோவையும் பிள்ளைகளின் போட்டோவையும் எடுத்துவிடும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார், எடுத்துவிட்டார்கள். இரண்டாவது பேச்சும் வீடியோவாக இருக்கிறது. அதை நம் குழுவில் யாரும் பகிரவில்லை.

அதன்பின் நோய். நுரையீரல் என்றார்கள். கோயம்புத்தூரில் சில வாரங்கள் இருந்துவிட்டு, குன்னூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். வீட்டில், அத்தானும் மகளும் பக்கத்தில் இருக்க, காலையில் மூச்சு நின்றது. லயத்திலிருந்து ஒரு ஜீப் நிறையப் பெண்கள் வந்தார்கள். செல்வி வாசலுக்கு வெளியே, மழையில் நின்றார். உள்ளே வரச் சொல்லி நம்மில் ஒருவரும் அழைக்கவில்லை. அன்று வீட்டுக்குள் அவ்வளவு பேர் இருந்தோம்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆம்புலன்ஸைப் பொறுமையாக மலையேற்றிய ஓட்டுநருக்கும், கடையைத் தன் கடைபோலப் பார்த்துக்கொண்ட பக்கத்துப் பாத்திரக் கடைக்காரருக்கும், இறுதிச் சடங்குக்கு வந்து தோள் கொடுத்த லயத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

செல்விக்கும்.

முதலாண்டு நினைவு நாளுக்கு அழைக்க நானும் அக்காவின் மகளும் போன வாரம் லயத்துக்குப் போயிருந்தோம். "யாரு கூப்புடச் சொன்னாங்க?" என்று செல்வி கேட்டார். "நாங்கதான்" என்றேன். "நீங்க ரெண்டு பேரா, எல்லாருமா?" என்றார். நான் அழைப்பிதழை நீட்டினேன். "பாக்கலாம்ண்ணே" என்று அனுப்பிவைத்தார்.

இந்த மலர் உங்கள் கையில் இருக்கும் நேரத்தில் அவர் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தால், பந்தி தொடங்குவதற்கு முன் யாராவது எழுந்து போய் அவரை உள்ளே கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டால் போதாது.