சாட்சி தோற்ற வருஷம்

ஆறுமுகம் அண்ணாச்சி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் தங்கராஜ். நான் அப்போது கழக்கூட்டத்தில் ஒரு பிளாட் கட்டிடத்தின் நாலாவது மாடியில், சாரத்தில் நின்று பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்ததும், "கொத்தனாரே, சாரத்துலயா நிக்கேரு? கீழ எறங்கிட்டுக் கூப்பிடும்" என்று சொல்லி வைத்துவிட்டார். உயரத்தில் நிற்பவனிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். தங்கராஜ் புரோட்டாக் கடைக்காரர். அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன்.

"அண்ணாச்சி போயிட்டாரு. காலைல ஷட்டரத் தூக்குனவரு அப்படியே படியில உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிட்டு. நானும் ஒம்ம மச்சானும் இங்கதான் நிக்கோம்" என்றார்.

அவரும் என் மச்சானும் ஒரே இடத்தில் நிற்பதற்குக் காரணமே அண்ணாச்சிதான். அதைத்தான் சொல்ல வந்தேன். வலியசாலைப் பக்கம் முடிவெட்ட அவரிடம் தலையைக் கொடுத்தவர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதிக்கு நான் பக்கத்தில் இருந்தேன்.

அண்ணாச்சிக்கு ஊர் தென்காசிப் பக்கம், எங்களைப் போல மலையாளத்துக்குப் பிழைக்க வந்தவர். சாலைச் சந்தையிலிருந்து வலியசாலைக்குத் திரும்புகிற வழியில் சலூன். நாற்காலி இரண்டு, பெஞ்சு ஒன்று, மூலையில் ஒரு டிவி. மலையாளத்துக்காரர்களும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். சிலருக்கு அதுதான் அவர் பெயர் என்றே நினைப்பு. அவருடைய மீசையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடர்த்தியாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறங்கி, நுனியில் சற்றே மேலே ஏறி நிற்கும். "என் கடைக்கு போர்டு எதுக்கு? மூக்குக்குக் கீழ தொங்குதே" என்பார்.

இன்னொன்றும் சொல்வார். "நாட்டுல என்ன நடக்குன்னு தெரியணும்னா பேப்பர் வேண்டாம். என் கடைத் தரையப் பாத்தாப் போதும்." இது சும்மா சொன்னதில்லை. கார்த்திகை பிறந்தால் மலைக்கு மாலை போட்டவர்கள் வரமாட்டார்கள். தரை வெறிச்சென்று கிடக்கும். தையில் மாலையைக் கழற்றிவிட்டு எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து உட்காருவார்கள், தாடி குவிந்துவிடும். ஆற்றுகால் பொங்கலுக்கு முந்தின நாள் கடையையே மூடிவிடுவார். வாசலில் பெண்கள் பொங்கல் அடுப்புக்குச் செங்கல் வைத்து இடம் பிடித்திருப்பார்கள். அந்தச் செங்கலில் பாதி என் வேலைத்தளத்திலிருந்து போனது, அது வேறு கதை. தேர்தல் வந்தால் போஸ்டருக்குப் படம் எடுக்குமுன் வேட்பாளர்கள் வருவார்கள். இந்த வருஷம் வந்த ஒருவர் கண்ணாடியைப் பார்த்து, "அண்ணாச்சி, தாடி வேணோ, வேண்டயோ?" என்று கேட்டார். தாடி இருந்தால் அனுபவம் தெரியும், எடுத்தால் இளமை தெரியும், எது ஓட்டு வாங்கும் என்று அவருக்குக் குழப்பம். அண்ணாச்சி கத்தரியை நிறுத்திவிட்டு, "மொதல்ல வீட்டுல உள்ள ஓட்டு கெடைக்கணும் சாரே. அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு வாங்க" என்றார். அந்த மனிதர் நிஜமாகவே வெளியே போய் மனைவிக்கு போன் செய்தார். தாடி போகவில்லை.

இனி பந்தயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் தேர்தலானாலும் சரி, பந்து விளையாட்டானாலும் சரி, ஆண்கள் மீசையை வைத்துத்தான் பந்தயம் கட்டுவார்கள். தோற்றால் பாதி மீசை. கோபம் கூடினால் மொட்டை. அண்ணாச்சியின் கடையில் காசுப் பந்தயம் நடக்காது. "காசு போனா வீட்டுல உள்ளவளும் சேந்து அழணும். முடி போனா ஒருத்தன் அழுதாப் போதும். அதுவும் மொளச்சிரும்" என்பார். பந்தயத்துக்குச் சாட்சியும் அவர், தண்டனையை நிறைவேற்றுவதும் அவர். மீசையை எடுக்கும்போது வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்க்க மாட்டார், போனில் படம் பிடிக்கவும் விட மாட்டார். ஜெயித்தவன் தோற்றவனுக்கு டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் இருவரும் கடையை விட்டு இறங்கலாம்.

இந்தத் தேர்தலுக்கு முன்னால் என் மச்சான் சண்முகவேலும் தங்கராஜும் அந்தக் கடையில் பந்தயம் கட்டினார்கள். சண்முகவேல் என் மனைவியின் தம்பி, சாலைச் சந்தையில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் மகள் கலாவுக்கும் தங்கராஜின் மகனுக்கும் கல்யாணம் பேசியிருந்தோம். பேசி முடித்தது நான்தான். தேர்தல் முடிவு வந்த வார ஞாயிற்றுக்கிழமையில் நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். சம்பந்திகள் இருவரும் எதிரெதிர்க் கட்சி. கட்சிப் பெயர் இங்கே வேண்டாம்; அண்ணாச்சி கடையிலும் அதுதான் வழக்கம்.

தங்கராஜின் முகத்தில் சோப்பு நுரை இருந்தது. சண்முகவேல் பெஞ்சில் இருந்துகொண்டு சீண்டினான்.

"சம்பந்தி, இந்தத் தடவ ஒம்ம ஆளுக பெட்டியக் கட்டவேண்டியதுதான்."

"அப்படியா? தோத்தா மீசய எடுத்துருவேரா வே?"

"பாதி மீச. அண்ணாச்சி சாட்சி."

"ஆச்சு. கல்யாணப் படத்துல ஒம்ம மொகத்தப் பாக்கணும்!"

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "சரி சரி, தாடையக் காட்டும்" என்று கத்தியைப் பிடித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவுதான் நடந்தது.

முடிவு வந்த நாளில் இருவரும் லட்டு வாங்கிக்கொண்டு சலூனுக்கு வந்தார்கள். எங்கள் தொகுதியில் சண்முகவேலின் ஆள் ஜெயித்திருந்தார். மாநிலத்தில் ஆட்சி பிடித்தது தங்கராஜின் கட்சி. ஒருவருக்கொருவர் லட்டை நீட்டிக்கொண்டு, இருவரும் அண்ணாச்சியைப் பார்த்து ஒரே நேரத்தில், "கத்திய எடுங்க" என்றார்கள்.

"தொகுதியில எங்க ஆளு வே! கண்ணு முன்னால ஜெயிச்சிருக்காரு."

"ஒரு தொகுதிய வெச்சு என்ன செய்யப்போறேரு? பூசவா? ஆட்சி எங்களுது."

முதல் பத்து நிமிஷம் தமாஷாகத்தான் இருந்தது. பிறகு குரல் ஏறியது. டீக்கடையிலிருந்து ஒரு மலையாளி எட்டிப் பார்த்து, "எந்தரப்பீ, இவிடயும் வோட்டெண்ணலா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. தங்கராஜ் லட்டுப் பொட்டலத்தை மடித்துக்கொண்டு, "சொன்ன சொல்லு நிக்காத வீட்டுல பொண்ணு எடுக்கணுமான்னு யோசிக்கணும்" என்றார். சண்முகவேல், "யோசியும். நாங்க ஒண்ணும் ஒம்ம வாசல்ல க்யூ நிக்கல" என்றான். இரண்டு பேரும் இரண்டு பக்கமாக இறங்கிப் போனார்கள்.

மீசைக்காகவா கல்யாணம் நிற்கும் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் தங்கராஜின் வீட்டில் மண்டபத்துக்குச் சொன்ன சாப்பாட்டை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள். சண்முகவேல் வெற்றிலைத் தட்டு வாங்கப் போகவில்லை. நான் இரண்டு வீட்டுக்கும் நடந்தேன். இங்கே போனால், "மொதல்ல அந்தாளு மீசய எடுக்கட்டும்." அங்கே போனால் அதே பேச்சு. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

கலா கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் ஸ்கூட்டரை நேராக சலூன் வாசலில் நிறுத்தினாள். நான் உள்ளே பெஞ்சில்தான் இருந்தேன். ஆம்பளைகள் முடிவெட்டும் கடைக்குள் ஹெல்மெட்டோடு ஒரு பெண் ஏறியதும், நாற்காலியில் இருந்தவர் துண்டை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்கதானே சாட்சி? யாரு தோத்தாங்கன்னு சொல்லுங்க."

"ஒங்கப்பா தோத்தாருன்னு சொன்னா என்ன செய்வ?"

"அவர இழுத்துட்டு வந்து இந்த நாற்காலியில உக்கார வெப்பேன்."

"தங்கராசு தோத்தாருன்னா?"

"அவரு மகன் இழுத்துட்டு வருவான். பேசி வெச்சாச்சு. ஞாயித்துக்கெழம எங்களுக்கு நிச்சயம் நடக்கணும் அண்ணாச்சி. லீவும் சொல்லியாச்சு. ரெண்டு மீசைக்கு நடுவுல நான் எத்தன நாளு நிக்கது?"

அண்ணாச்சி சீப்பை வைத்தார். "ரெண்டு பேரும் தோக்கல மக்கா. நீ வீட்டுக்குப் போ. சேல எடுத்து வை" என்றார்.

அவள் போனதும் என்னிடம் சொன்னார்: "கொத்தனாரே, இந்தக் கடையில பந்தயம் கட்டுன யாரையும் நான் மூணு கேள்வி கேக்காம விட்டதில்ல. எதுக்குப் பந்தயம்? எந்த இடத்துக் கணக்கு? எது வரைக்கும்? முன்னப் பின்ன தெரியாதவன்கிட்டகூட கேப்பேன். இவங்ககிட்ட கேக்கல. சம்பந்திக தமாஷு பண்ணுதாங்க, நடுவுல நாம என்னத்தக் கேக்கன்னு விட்டுட்டேன். வேண்டியவங்கன்னு விட்டுட்டேன்."

சனிக்கிழமை காலையில் இருவரையும் கூட்டி வரச் சொன்னார். அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லப்போகிறார் என்றதால் வந்தார்கள். பெஞ்சின் இந்த மூலையில் ஒருவர், அந்த மூலையில் ஒருவர், நடுவில் நான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அண்ணாச்சி தன்னுடைய நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவரை அந்த நாற்காலியில் நான் பார்த்தது அன்றுதான்.

"தொகுதியா, ஆட்சியான்னு நான் கேக்கல. கேட்டிருந்தா இந்தச் சண்டையே இல்ல. தோத்தது நான். யாராவது ஒருத்தர் வந்து எடுங்க" என்று கத்தியை நீட்டினார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. தங்கராஜ், "என்ன அண்ணாச்சி, வெளையாட்டா?" என்றார். அண்ணாச்சி நுரையைத் தடவினார். கண்ணாடியைப் பார்த்தார். மூக்குக்கு நேர் கீழே கத்தியை வைத்து, வலது பக்கத்தை ஒரே சீராக எடுத்துவிட்டார். டவலில் துடைத்துக்கொண்டார். முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஒரு பக்கம் அண்ணாச்சி, இன்னொரு பக்கம் யாரோ ஒரு வயசாளி.

சண்முகவேல்தான் முதலில் பேசினான். "மத்ததையும் எடுத்துருங்க அண்ணாச்சி. பாக்கச் சகிக்கல."

"பந்தயம் பாதிக்குத்தானே வே."

தங்கராஜ் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கையில் நாலு டீயோடு வந்தார். முதல் கிளாஸை அண்ணாச்சிக்குக் கொடுத்தார். இரண்டாவதைச் சண்முகவேலிடம் நீட்டி, "பிடியும் சம்பந்தி, ஆறிப்போகும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் நடந்தது. அண்ணாச்சி பாதி மீசையோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். அவரைத் தெரியாதவர்கள் அவருக்கு ஏதோ வியாதி என்று நினைத்தார்கள். சமையல்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணாச்சிக்கு எந்து பற்றி?" என்று, என்ன ஆச்சு என்பதை மலையாளத்தில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சம்பந்திகள் இருவரும் ஓடிவந்து, "ஒண்ணும் பற்றியில்லா, நீங்க இலையப் போடுங்க" என்று அவரை அனுப்பினார்கள். சாப்பிடும்போது அண்ணாச்சிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அவர் இலையில் பாயசம் காலியாகவே இல்லை.

மறுநாள் மிச்சத்தையும் எடுத்துவிட்டார். உலகக் கால்பந்துத் திருவிழா வந்தபோது லேசாக முளைத்திருந்தது. ஆட்டம் முடிந்து பொழுது விடிகிற நேரத்தில் பையன்கள் கடை வாசலில் வந்து நிற்பார்கள். ஒருவனுக்குத் தலையில் மஞ்சள் சாயம், ஒருவனுக்கு நீலமும் வெள்ளையும் கோடு. எல்லாம் கடல் தாண்டிய நாடுகளின் அணி நிறம். "அண்ணாச்சி எந்த டீம்?" என்று கேட்டால், "தோத்த டீமு. அவன்தான் எனக்கு வேல தாறான்" என்பார். ஒவ்வொரு பந்தயத்துக்கும் மூன்று கேள்வியையும் கேட்டார். அண்ணன் தம்பி என்றால் இரண்டு தடவை கேட்டார்.

ஓணத்துக்கு எங்கள் தெரு கிளப்பில் தொப்பையும் பெரிய மீசையும் உள்ள மாவேலி ராஜா வேஷம் கட்ட அவரைக் கூப்பிட்டார்கள். மீசை இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை, ஒட்டு மீசை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். "தொப்பை ஒட்டிக்கலாம், மீச ஒட்ட முடியாது" என்று மறுத்துவிட்டார். ஆவணிக் கடைசியில் கலாவின் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சவரம் செய்துவிட்டது அவர்தான். அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை.

தைக்காட்டுச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்தோம். ஊரில் உள்ள மூன்று கட்சியிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். ஒருவர் அவரை எங்கள் ஆள் என்றார், இன்னொருவர் எங்கள் ஆள் என்றார்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கழக்கூட்டத்தில் ஒரு குளியலறைச் சுவரைக் கட்டி முடித்திருந்தேன். குழாய் போடுகிறவனும் வயர் இழுக்கிறவனும் வந்து சண்டை போட்டார்கள். சுவருக்குள் விட்ட ஒரே இடைவெளி தனக்கென்று பேசியது என்று இருவரும் சொன்னார்கள். இருவரும் எங்கள் ஊர்ப் பையன்கள், ஒரே அறையில் தங்குகிறவர்கள். அவர்கள் பேசி வைத்த அன்று நானும் பக்கத்தில் நின்றேன். வேண்டியவர்கள்தானே, பார்த்துக்கொள்வார்கள் என்று ஒன்றும் கேட்காமல் கல்லை அடுக்கிவிட்டேன். ஒருவன் சட்டையை இன்னொருவன் பிடித்துவிட்டான்.

"விடுங்கடே. நான் கேக்கல. தோத்தது நான்" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்து, என் சுவரை நானே மேல் வரிசையிலிருந்து உடைக்கத் தொடங்கினேன்.

சட்டையைப் பிடித்தவன் கையை விட்டான். பிறகு ஒருவன் குனிந்து, விழுந்த கல்லைப் பொறுக்கினான். மற்றவன் சட்டியை நகர்த்திக் கொடுத்தான்.